நினைவகத்தில் ஒரு புறம்போக்கு: மறைப்பதா, அறிவிப்பதா?

ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு நிலப் பதிவேடு உண்டு. எந்தப் புல எண் யாருக்கு உரியது, பரப்பு எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். சில புல எண்களுக்கு எதிரே மட்டும் ஒரு பெயரும் இராது. 'புறம்போக்கு' என்று எழுதி, பக்கத்தில் ஏரி, வண்டிப்பாதை, வாய்க்கால், களம் என்று காரணமும் குறித்திருப்பார்கள். அந்த நிலத்துக்கு யாரும் பட்டா கேட்க முடியாது. ஆனாலும் அது பதிவேட்டில் இருக்கிறது, வரைபடத்திலும் இருக்கிறது.

இப்போது ஓர் அலுவலர் வேறு விதமாக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஏரி இருப்பது தெரிந்தால்தானே ஆக்கிரமிப்பார்கள்? ஏரியையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன்" என்கிறார். பதிவேட்டை மட்டும் பார்த்து நடப்பவர்கள் உள்ளவரை ஏரி பிழைத்துக்கொள்ளும். இது சரியான வழியா?

இதே கேள்வி கணிப்பொறிக்குள்ளும் எழுந்தது. நெட்வொர்க் வழியாகக் கணிப்பொறியைத் தொடங்கி வைக்கும் ஒரு சிறு நிரல், தான் குடியிருக்கும் நினைவகப் பகுதியை இயக்க முறைமையின் கண்ணில் படாமல் மறைத்து வைக்கிறது. அது செய்வது சரியா, தவறா? அன்றைய நிலையில் அது சரியே என்பதும், இன்று எழுதப்படும் நிரல்கள் அந்த வழியைத் தொடரக்கூடாது என்பதும் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

வட்டு இல்லாத கணிப்பொறி

கணிப்பொறியின் பொத்தானை அழுத்தியதும் அதன் செயலிக்கு எதுவும் தெரியாது. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் நிலையாக எழுதப்பட்ட 'பயாஸ்' என்ற அடிப்படை நிரல்தான் முதலில் ஓடுகிறது. அது வட்டைத் தேடி, அதன் முதற்பகுதியில் உள்ள 'பூட்லோடர்' எனப்படும் தொடக்க நிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. தொடக்க நிரல், விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமையை ஏற்றுகிறது. சிறியது பெரியதை எழுப்புகிறது. பெரியது அதனினும் பெரியதை எழுப்புகிறது.

வட்டே இல்லாவிட்டால்? அதற்கும் வழி உண்டு. நெட்வொர்க் அட்டையில் உள்ள சில்லில் ஒரு தொடக்க நிரல் இருக்கும். அது கம்பி வழியே, "நான் யார்? என் முகவரி என்ன? என் இயக்க முறைமை எங்கே கிடைக்கும்?" என்று கேட்கும். எங்கோ உள்ள ஒரு வழங்கிக் கணிப்பொறி விடை தரும். இப்படிக் கேட்பதற்கும் சொல்வதற்குமான 'பூட்பி' என்ற நெறிமுறையை 1985ஆம் ஆண்டில் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் எழுதி வெளியிட்டார்கள். 1999இல் இன்டெல் நிறுவனம் 'பி.எக்ஸ்.ஈ.' வரையறையின் 2.1ஆம் பதிப்பை வெளியிட்டது. இதற்கிடையே 1990களில் 'ஈதர்பூட்' என்ற கட்டற்ற நிரல் உருவாயிற்று. அந்த வழியில் வந்ததுதான் 2010 முதல் 'ஐ.பி.எக்ஸ்.ஈ.' என்ற பெயரில் வழங்கும் நிரல். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

ஒரு பள்ளி ஆய்வகத்தில் நாற்பது கணிப்பொறிகள் இருந்தால் இதன் அருமை புரியும். நாற்பது வட்டுகள் வாங்க வேண்டாம். நாற்பது முறை நிரல்களை நிறுவ வேண்டாம். வழங்கியில் ஒருமுறை திருத்தினால் மறுநாள் காலையில் நாற்பதும் திருந்தியிருக்கும்.

நுனிக்கிளையில் இருந்துகொண்டு

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இயக்க முறைமை கண் விழித்ததும் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று, "மொத்தம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது?" என்று பயாஸிடம் கேட்பது. வந்த விடை முழுவதையும் தன் சொத்தாகக் கருதி, விரும்பிய இடத்தில் விரும்பியதை எழுதத் தொடங்கும்.

ஆனால் அதே நினைவகத்தின் ஒரு மூலையில் நெட்வொர்க் தொடக்க நிரல் இன்னும் உயிரோடு இருக்கிறது! அதன் வேலை முடியவில்லை. இயக்க முறைமை பாதிதான் வந்திருக்கிறது. நெட்வொர்க் அட்டையை இயக்கும் அதன் சொந்த நிரல் இன்னும் வந்து சேரவில்லை. "வட்டிலிருந்து அடுத்த பகுதியைக் கொடு" என்று பயாஸைக் கேட்கிறது. வட்டுதான் இல்லையே! அந்தக் கேள்வியைத் தொடக்க நிரல் இடைமறித்து வாங்கி, நெட்வொர்க்கில் தொலைவிலுள்ள வட்டிலிருந்து எடுத்துத் தருகிறது. கேட்டவருக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

இந்த நேரத்தில் தொடக்க நிரல் இருக்கும் இடத்தின்மேல் இயக்க முறைமை எதையேனும் எழுதிவிட்டால் என்ன ஆகும்? நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதைதான். அடுத்த பகுதியைக் கேட்கும்போது தர ஆள் இராது. திரை அப்படியே உறைந்து நிற்கும். சில சமயம் உடனே நிற்காமல், சிறிது நேரம் ஓடி, காரணம் புரியாத இடத்தில் நிற்கும். இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிப்பது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவது போன்றது.

மறைப்பது எப்படி?

1981இல் வந்த ஐ.பி.எம். தனிநபர் கணிப்பொறியின் வழிவந்தவற்றில், நினைவகத்தின் தொடக்கத்தில் 1024 பைட் நீளமுள்ள ஓர் அட்டவணை உண்டு. அதில் 256 வரிகள்; ஒவ்வொன்றும் 4 பைட். "இந்த எண்ணுள்ள சேவையைக் கேட்டால் இந்த முகவரிக்குப் போ" என்பது ஒவ்வொரு வரியின் பொருள். நினைவகத்தைப் பற்றிக் கேட்கும் சேவைகளுள் ஒன்றின் எண் பதினாறடிமான முறையில் 15. நம் பதின்ம முறையில் அது 21. ஆகவே அதன் முகவரி எழுதப்பட்டுள்ள இடம் 21 x 4 = 84ஆவது பைட்.

தொடக்க நிரல் அந்த 84ஆவது இடத்தில் இருந்த பழைய முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு, தன் சொந்த முகவரியை அங்கே எழுதிவிடுகிறது. இனி நினைவகத்தைப் பற்றி யார் கேட்டாலும் கேள்வி முதலில் தொடக்க நிரலிடம் வரும். அது பழைய பயாஸிடம் விடையைக் கேட்டு வாங்கி, தன் பகுதியை வெட்டிவிட்டுத் திருப்பித் தரும். எடுத்துக்காட்டாக, "1 மெகாபைட்டிலிருந்து 512 மெகாபைட் வரை பயன்படுத்தலாம்" என்பது உண்மையான விடை. தொடக்க நிரல் 510க்கும் 511க்கும் இடையே இருக்கிறது என்று கொள்வோம். இயக்க முறைமைக்குப் போய்ச் சேரும் விடையில் இரண்டு வரிகள் இருக்கும்: 1 முதல் 510 வரை ஒன்று, 511 முதல் 512 வரை மற்றொன்று. நடுவில் உள்ளது பதிவேட்டில் இல்லாத ஏரி!

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். இங்கே சுவர் எதுவும் எழுப்பப்படவில்லை. இயக்க முறைமை அந்த இடத்தில் எழுத நினைத்தால் தடுப்பார் யாரும் இல்லை. அங்கே ஓர் இடம் இருக்கிறது என்ற செய்திதான் மறைக்கப்பட்டிருக்கிறது. மறைத்தல் வேறு, காத்தல் வேறு. பழைய கணிப்பொறிகளில் நினைவகத்தின் அளவை மதர்போர்டில் உள்ள சிறு மின்கல நினைவகத்திலிருந்து நேராகப் படித்துக்கொள்ளவும் முடியும். யாரையும் கேட்காமல் அப்படிப் படித்துக்கொள்ளும் நிரலுக்கு முன் இந்த மறைப்பு செல்லாது.

ஓர் எண்ணுக்குமேல் சொல்ல வழியில்லை

அப்படியானால் நேராகச் சொல்லியிருக்கலாமே, ஏன் மறைக்க வேண்டும்? நியாயமான கேள்வி. சொல்ல விரும்பியிருந்தாலும் அக்காலத்தில் அதற்குச் சொல் இருக்கவில்லை என்பதே விடை.

முதற் கணிப்பொறியில் நினைவகத்தின் அளவைத் தெரிவிக்கும் சேவை ஒரே ஓர் எண்ணைத்தான் திருப்பித் தரும். அதிகமாகப் போனால் 640 கிலோபைட். "640 இருக்கிறது, ஆனால் மேலே உள்ள 64இல் நான் வேலை செய்கிறேன், அதை மட்டும் தொடாதே" என்று ஓர் எண்ணால் எப்படிச் சொல்வது? 576 என்று குறைத்துச் சொல்வது ஒன்றுதான் வழி. அதைப் பொய் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கேள்வியின் அமைப்பே அந்தப் பொய்யைத் தவிர வேறு எதற்கும் இடம் வைக்கவில்லை. ஊர்ப் பதிவேட்டில் 'புறம்போக்கு' என்று எழுத ஒரு கட்டமே இல்லாவிட்டால், ஏரியைக் காப்பாற்ற நினைக்கும் நேர்மையான அலுவலர்கூட அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கத்தான் வேண்டியிருக்கும். ஆகவேதான் அன்றைய நிரலாளர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அதே வழியில் வந்த திருடன்

ஆனால் நல்லவர்கள் பயன்படுத்தும் கொல்லைப்புற வழி திருடர்களுக்கும் வழிதானே! 1987இல் நியூசிலாந்தில் தோன்றிய 'ஸ்டோன்ட்' என்ற வைரஸ் நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் ஒட்டிக்கொண்டு பரவியது. கணிப்பொறி தொடங்கும்போதே அது நினைவகத்தின் உச்சிக்குப் போய் உட்காரும். பிறகு நினைவகத்தின் அளவு குறித்து வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் 2 கிலோபைட் குறைத்து எழுதிவிடும். இயக்க முறைமை அதை நம்பி அந்தப் பக்கம் போகாது. நெட்வொர்க் தொடக்க நிரல் செய்வதும் இந்த வைரஸ் செய்வதும் நுட்பத்தில் ஒன்றே!

வைரஸை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 640 கிலோபைட் என்றால் 6,55,360 பைட். வைரஸ் புகுந்த கணிப்பொறியில் நினைவகச் சோதனைக் கட்டளை 6,53,312 என்று காட்டும். கழித்துப் பாருங்கள்: 2048. விவரமறிந்தவர்கள் இந்தக் குறையைக் கண்டே நோயை அறிந்தார்கள். அதே குறை ஒரு நல்ல நிரலாலும் வரலாம் என்றால் என்ன ஆகும்? "கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, ஏதோ ஒரு நிரல் எடுத்திருக்கும்" என்று மக்கள் பழகிப்போவார்கள். அந்தப் பழக்கம் திருடனுக்கு நல்ல மறைவிடம். நல்லவர்கள் மறைந்து நடமாடும் தெருவில் கெட்டவர்களை இனம் காண்பது கடினம். மறைப்பதனால் வரும் பெரிய கேடு இதுதான் என்று நான் கருதுகிறேன். இழக்கும் நினைவகம் இதற்கு முன் ஒன்றுமேயில்லை. 4 கிகாபைட்டில் 512 கிலோபைட் போனால் 8192இல் ஒரு பங்குதான்!

நல்ல சொற்கள் பிறந்தன

பதிவேட்டில் புதிய கட்டங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தன. 1996இல் வெளியான 'ஏ.சி.பி.ஐ.' வரையறையில் 'ஈ820' என்ற சேவை இடம்பெற்றது. இது ஓர் எண்ணைத் தருவதில்லை. ஒரு பட்டியலையே தருகிறது. ஒவ்வொரு வரியிலும் தொடக்க முகவரி, நீளம், வகை என்று மூன்று விவரங்கள். வகை 1 என்றால் பயன்படுத்தலாம். வகை 2 என்றால் ஒதுக்கப்பட்டது, தொடாதே. வகை 3 இன்னும் நயமானது: இதில் உள்ள அட்டவணைகளைப் படித்து முடித்தபின் எடுத்துக்கொள்ளலாம். பார்த்தீர்களா, 'இப்போது வேண்டாம், பிறகு உன்னுடையது' என்று சொல்லக்கூட ஒரு சொல் கிடைத்துவிட்டது!

இன்று விற்பனைக்கு வரும் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை பழைய பயாஸுக்குப் பதிலாக 'யூ.ஈ.எஃப்.ஐ.' முறையில் இயங்குபவை. இதில் தொடக்க நிரல் தனக்கு வேண்டிய இடத்தை முறையாகக் கேட்டுப் பெறுகிறது. எதற்காக என்பதும் பட்டியலில் ஏறுகிறது: தொடக்கக் காலத்துக்கு மட்டுமா, அல்லது கணிப்பொறி அணையும் வரையா என்ற வேறுபாடு தெளிவாக இருக்கிறது. இயக்க முறைமை பொறுப்பேற்கும்போது, தான் கடைசியாகப் பார்த்த பட்டியலின் அடையாள எண்ணைக் காட்ட வேண்டும். இடையில் பட்டியல் மாறியிருந்தால் பொறுப்பு கைமாறாது. "மறுபடி படித்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்பப்படும். சாவியைக் கொடுக்குமுன் வீட்டைச் சுற்றிக் காட்டிக் கையெழுத்து வாங்குவது போன்ற ஒழுங்கு இது.

பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறிகள் சிலவற்றில் ஒரு கோளாறு இருந்தது. இயக்க முறைமையை நெட்வொர்க்கிலிருந்து மீட்டெடுக்கும் வசதிக்காக அவற்றின் அடிப்படை நிரல் வைஃபை அட்டையை இயக்கிவிடும். பொறுப்பைக் கைமாற்றும்போது அதை நிறுத்துவதில்லை. காற்றில் வரும் செய்திகளை அட்டை தொடர்ந்து நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த இடமோ 'இனி உன்னுடையது' என்று இயக்க முறைமையிடம் ஒப்படைக்கப்பட்டது! 2016இல் லினக்ஸ் கருநிரலில், தொடங்கியவுடனேயே அந்த அட்டையை அடக்கி நிறுத்தும் பகுதி ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. வீட்டைக் காலி செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் அடுப்பெரித்தால் எப்படி?

மறுப்பவர் சொல்வது

"எழுதி வைத்தால் எல்லா இயக்க முறைமைகளும் மதிக்கும் என்று என்ன உறுதி? மறைத்துவிட்டால் எது வந்தாலும் தப்பிக்கலாமே!" என்று அனுபவமுள்ள நிரலாளர்கள் கேட்கக்கூடும். இதில் உண்மை இருக்கிறது. பழைய இயக்க முறைமைகளுக்குப் பட்டியல் என்றால் என்னவென்றே தெரியாது. எண்ணை மட்டும் கேட்கும். அவற்றுக்கு எண்ணைக் குறைத்துச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. வகைகளைக் காட்டும் பட்டியலைக் கேட்கும் இயக்க முறைமைக்கும் ஏன் அதே பழைய விடை என்பதுதான் என் கேள்வி. ஒரு வரியை இரண்டாக வெட்டத் தெரிந்த நிரலுக்கு, நடுவில் 'ஒதுக்கப்பட்டது' என்று மூன்றாவது வரி சேர்ப்பது கொஞ்சம் கூடுதல் வேலை; ஆனால் செய்ய முடியாத வேலையன்று. வெற்றிடத்தைப் பார்ப்பவர் 'இங்கே நினைவகமே இல்லை' என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. 'ஒதுக்கப்பட்டது' என்ற வரியைப் பார்ப்பவருக்கு அந்த மயக்கம் வராது.

தவிர்க்க முடியாமல் மறைக்கும் இடத்திலும் நல்ல நிரலை மூன்று குணங்களால் அறியலாம் என்பேன். முதலாவது, தான் மறைப்பதை மறைக்காது. எந்த இடத்தை, எதற்காக, எப்படி மறைக்கிறேன் என்று தன் மூல நிரலிலும் விளக்கக் குறிப்பிலும் சொல்லிவிடும். இரண்டாவது, தேவைக்கு மேல் எடுக்காது. வேலை முடிந்து வெளியேறினால் 84ஆவது இடத்தில் பழைய முகவரியைத் திரும்ப எழுதி வைத்துவிட்டுப் போகும். மூன்றாவது, பின்னால் வருபவருக்குத் தேவையானதைக் கைமாற்றித் தரும். தொலைவட்டிலிருந்து தொடங்கும் கணிப்பொறிகளில் இதற்கென்றே 'ஐ.பி.எஃப்.டி.' என்ற அட்டவணை உண்டு. வட்டு எந்த முகவரியில் இருக்கிறது, எப்படி அணுக வேண்டும் என்பதையெல்லாம் தொடக்க நிரல் அதில் எழுதி வைக்கும். இயக்க முறைமை அதைத் தேடிப் படித்து, தன் சொந்த நிரலால் வேலையைத் தொடரும். ஸ்டோன்ட் வைரஸை இந்த மூன்று தேர்வுகளிலும் நிறுத்திப் பாருங்கள். ஒன்றிலாவது தேறுமா?

உங்கள் கையில்

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை நிரல் எழுதப் போகிறவர்கள். பொதுவான ஓர் இடத்தைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் நிலை உங்களுக்கும் வரும். 'சொன்னால் வம்பு, சொல்லாமல் எடுத்துக்கொள்வோம்' என்ற எண்ணம் அப்போது எளிதாகத் தோன்றும். சொல்ல வழி இருக்கும்போது சொல்லிவிட்டு எடுங்கள். சொல்ல வழியே இல்லாத அமைப்பைக் கண்டால், அதில் ஒரு கட்டம் சேர்க்கப் பாடுபடுங்கள். ஓர் எண்ணாக இருந்த விடையைப் பட்டியலாக மாற்றியவர்கள் செய்த தொண்டு அதுதான்.

இன்றே செய்து பார்க்க ஒரு சிறு சோதனை. ஆசிரியரின் அனுமதியோடு, விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் 'டாஸ்க் மேனேஜர்' என்பதைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் நினைவகத்தைத் தேர்ந்தெடுங்கள். 'ஹார்டுவேர் ரிசர்வ்ட்' என்று இத்தனை மெகாபைட் எனக் காட்டும். லினக்ஸ் உள்ள கணிப்பொறியானால், தொடக்கச் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' கட்டளையின் முதல் சில வரிகளில் ஈ820 பட்டியலே வகை வாரியாக வந்து நிற்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்னது எவ்வளவு போயிற்று என்று சொல்கிறது. பின்னது எங்கே போயிற்று என்றும் சொல்கிறது. யார் எடுத்தார், எதற்காக எடுத்தார் என்ற கேள்வியை இரண்டிடமும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காத வரிகளை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படிக்க வேண்டிய அடுத்த பாடம் அங்கே தொடங்குகிறது.